ஹால் சாவி யாரிடம்?

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 பல ஊர்களிலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும், பின் வரிசையில் அமர்ந்து 'இலை எப்போது போடுவார்கள்' என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் மாமாக்களுக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பேட்டை சமாஜங்களின் செயல்பாடுகள்'. மும்பை செம்பூரில் ஒரு சின்ன சமாஜ ஹாலில் 2004 முதல் 2018 வரை காரியதரிசியாக இருந்தவன் நான். மற்ற ஊர் சமாஜங்களைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை இல்லை. எங்கள் ஹாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதிலும் நாங்கள் செய்ததைக் கொஞ்சமாகவும், செய்யத் தவறியதைக் கொஞ்சம் அதிகமாகவும்.

மும்பை என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது மாதுங்காவைத்தான். அது நியாயமும் கூட. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தவர்கள், 1952-ல் ஷண்முகானந்த சபாவைத் தொடங்கியவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்து மனிதர்கள். சபாவின் பெரிய ஹால் 1990-ல் தீப்பற்றி, மறுபடி எழும்பி 1998-ல் திறந்தது. எங்களுக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், அணுசக்தி நிலையம், உரத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக வரவர, வேலைக்கு வந்தவர்கள் பக்கத்திலேயே வீடு பார்த்துக் கொண்டார்கள். அவர்கள் மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துக் கட்டிய ஹால் எங்களுடையது. இருநூறு பேர் உட்காரலாம். ஒரு சின்ன மேடை, பாத்திரங்கள் வைக்க ஓர் அறை, பின்னால் சமையற்கட்டு, முன்னால் வராண்டா. அவ்வளவுதான்.

விழாக்களுக்குக் குறைவில்லை. ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோர். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் கொலு, சுண்டல். மார்கழியில் விடியற்காலை திருப்பாவை. தை மாதம் தியாகராஜ ஆராதனை. பஞ்சரத்னம் பாடுகிறவர்களை விட, புத்தகத்தில் விரல் வைத்துக் கொண்டு கூடவே முணுமுணுப்பவர்கள்தான் எங்கள் ஹாலில் அதிகம். அதிலும் ஒரு சுகம் உண்டு.

ஆவணி அவிட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யஜுர் வேதிகளுக்குப் பௌர்ணமி, ரிக் வேதிகளுக்குத் திருவோணம், சாம வேதிகளுக்குப் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி என்று சாஸ்திரம் மூன்றாகப் பிரித்து வைத்தது. மும்பை ரயில் அதை இன்னும் கூறு போட்டது. காலை ஐந்தரை மணி பேட்ச், ஏழு மணி பேட்ச், 'லீவு போட்டவர்கள்' பேட்ச். ஐந்தரை மணிக்காரர்களுக்கு மஹா சங்கல்பம் நடக்கும்போதே பாதிப் பேர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். வாத்யாரும் விஷயம் தெரிந்தவர். வேகத்தைக் கூட்டுவாரே தவிர ஒரு வரியையும் விட மாட்டார்.

ராதா கல்யாணம் இரண்டு நாள். காலையில் உஞ்சவிருத்தி தெருவைச் சுற்றி வரும். பிரிவினைக்குப் பிறகு செம்பூரில் வந்து குடியேறிய சிந்திக் குடும்பங்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அதில் ஒரு அம்மாள் வருஷம் தவறாமல் வாசலில் காத்திருந்து செம்பில் ஆட்டா போடுவார். அரிசிதான் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மனசு வரவில்லை. அந்த ஆட்டாவில் பூரி பண்ணி மறுநாள் குழந்தைகளுக்குக் கொடுப்பது எங்கள் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

இதையெல்லாம் ஆண்டறிக்கையில் நாலு பக்கம் எழுதுவேன். படித்தவர்கள் 'பேஷ், பேஷ்' என்பார்கள். 2011-ல் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, ஏதோ தோன்றி, ஹால் பதிவேட்டை எடுத்து அதற்கு முந்தின வருஷம் கதவு திறந்த நாட்களை எண்ணினேன். 96 நாள். அதில் 31 நாள் கல்யாண வரவேற்பு, சீமந்தம் என்று வாடகைக்குப் போனது. மற்ற நாளெல்லாம் பூட்டுதான். சாவி பொருளாளரிடம். அவர் காட்கோபருக்கு வீடு மாற்றிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு பாயை எடுக்க வேண்டுமென்றாலும் அவருக்கு ஃபோன் பண்ண வேண்டும். எண்ணியதை அறிக்கையில் நான் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

அதே வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் விஷ்ணு ஸஹஸ்ரநாம பாராயணம். எண்பது வயதை நெருங்கிய ஒரு மாமா எப்போதும் மூன்றாவது தூணில் சாய்ந்து உட்காருவார். பெயரைச் சொல்லாமல் 'மூன்றாம் தூண் மாமா' என்றே வைத்துக் கொள்வோம். மாமி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை புனேயில். இரண்டு சனிக்கிழமை அந்தத் தூண் காலியாக இருந்தது. புனே போயிருப்பார் என்று நான் நினைத்துக் கொண்டேன். நினைத்துக் கொண்டேன் என்பது கூட மிகை. பிரசாத விநியோகத்தில் அது மனசில் நிற்கவே இல்லை.

நடந்தது வேறு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ராத்திரி முழுக்கத் தரையிலேயே கிடந்திருக்கிறார். காலையில் வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் இருப்பதைப் பார்த்து வாட்ச்மேன்தான் கதவை உடைக்க ஏற்பாடு பண்ணினார். ஆபரேஷன் ஆகி, பிள்ளை வந்து புனேக்கு அழைத்துப் போன பிறகு, மூன்றாவது சனிக்கிழமைதான் எங்களுக்குச் செய்தி வந்தது. அவர் வீடு ஹாலிலிருந்து நாலாவது கட்டடம்.

ஃபோன் பண்ணினேன். குரல் கம்மியிருந்தது. க்ஷேமம் விசாரித்த பிறகு அவர் கேட்டார்: "ஏண்டாப்பா, ரெண்டு சனிக்கிழமை நான் வரலையே. ஒருத்தராவது 'மாமா எங்கே'ன்னு கேட்டேளா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்து கொள்ளக் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், தினமும் சாயங்காலம் நாலு மணி முதல் ஏழு மணி வரை ஹாலைத் திறந்து வைக்கலாம் என்று ஒரு யோசனை வைத்தேன். நிகழ்ச்சி ஒன்றும் வேண்டாம். நாற்காலி, பேப்பர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வந்தவர்கள் பெயர் எழுத வேண்டும். வழக்கமாக வருகிறவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் யோசனை. இதற்கு மூன்று கூட்டம் சண்டை நடந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். இல்லை, சமாஜம் நடத்தியவர்கள் நம்புவீர்கள்.

மின்சாரம் ஆகும் என்றார் ஒருவர். வாடகை வருமானம் போகும் என்றார் பொருளாளர், அது நியாயமான கவலைதான். சமாராதனை நடக்கிற சமையற்கட்டில் தினமும் யார் யாரோ காபி போட்டால் மடி என்னாவது என்றார் ஒரு பெரியவர். அவருக்கு ஒரு மாமி பதில் சொன்னாள்: "உள்ளே யாரும் வர வேண்டாம் அண்ணா. வராண்டாவுல ஒரு அடுப்பு போட்டுக்கறோம். டிகாக்ஷன் நான் ஆத்துலேர்ந்து கொண்டு வரேன்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெண்கள் கமிட்டியில் இருக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றித் தனியாக ஒரு உரை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. கதவைத் திறந்து வைத்தால் நம்மவர் அல்லாதவர்களும் வந்து உட்காருவார்களே? வேறு யாரையும் அவர்கள் மனதில் வைத்துக் கேட்கவில்லை. ஆட்டா போடும் அந்தச் சிந்தி அம்மாளுக்கும் வயதாகிவிட்டது, அவரும் வீட்டில் தனி. அவர் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்போது வேறொரு பெரியவர் 2005 ஜூலை 26-ஐ ஞாபகப்படுத்தினார். அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரயில் நின்று, பஸ் நின்று, ஆபீஸிலிருந்து ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சயான் வழியாக நடந்து வந்தார்கள். கரண்டும் இல்லை. பொருளாளர் அப்போது எங்கள் தெருவிலேயே இருந்தார், சாவியும் இருந்தது. ஹாலைத் திறந்து, ராதா கல்யாணத்துக்கு வைத்திருந்த பெரிய பாத்திரங்களை இறக்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாதமும் ரசமும் பண்ணினோம். மேடையில் பாய் விரித்து யார் யாரோ படுத்தார்கள். அன்று யாரிடமும் ஊர், பேர் கேட்கவில்லை. "அன்னிக்குச் செவ்வாய்க்கிழமை," என்றார் அந்தப் பெரியவர். "சனிக்கிழமை கூட இல்லை." அவர் வேறொன்றும் சொல்லவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

அந்த அம்மாள் வந்தார். தினமும் வந்தார். ஆனால் அங்கத்தினர் விதியை நாங்கள் மாற்றவில்லை, அவரை 'விருந்தினர்' என்றே நோட்டில் எழுதினோம். தினமும் வருகிறவர் எப்படி விருந்தினர் ஆவார் என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் அதில் இன்று வரை முழுத் திருப்தி இல்லை.

கதவைத் திறந்து வைத்த பிறகு, நாங்கள் திட்டம் போடாத காரியங்கள் தானாக நடந்தன. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பேரக் குழந்தைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மராட்டியும் ஹிந்தியும் படிப்பதால் தேவநாகரி சரளம். பாட்டிமார்களுக்கோ ஸஹஸ்ரநாமம் தமிழ் எழுத்தில்தான். ககரத்தின் தலையில் 2, 3, 4 என்று நம்பர் போட்ட புத்தகம். வயதாகிக் கண் மங்கினால் முதலில் மறைவது அந்தக் குட்டி நம்பர்கள்தான். நம்பர் தெரியாவிட்டால் 'பலம்' என்பது வலிமையா, பயனா? ஒரு நாள் பத்து வயதுப் பெண் ஒருத்தி நாகரிப் புத்தகத்தை வைத்துக் கொண்டு, "பாட்டி, நீ தப்பா சொல்றே" என்றாள். பாட்டி விடவில்லை. "எழுத்து நீ சொல்லு. ராகம் நான் சொல்றேன். அப்படியே தமிழ் எழுத்தையும் கத்துக்கோ." அன்று ஆரம்பித்ததுதான் எங்கள் தமிழ் வகுப்பு. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று இரண்டு தடவை நோட்டீஸ் அடித்து, இரண்டு தடவையும் ஒரு மாதத்தில் நின்று போயிருந்தது.

நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்களுக்கு உயிர்ச் சான்றிதழ் கவலை. 'நான் இருக்கிறேன்' என்று நாமே போய் நிரூபிக்க வேண்டும். 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தபோது கைரேகை வைக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினோம். சமையல் பண்ணியே ரேகை தேய்ந்த மாமிகளுக்கு அது பிடிவாதம் பிடித்தது. 2021 முதல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வந்த பிறகு, கல்லூரிப் பையன் ஒருவன் ஃபோனை வைத்துக் கொண்டு வராண்டாவில் வரிசையாக முடித்துக் கொடுக்கிறான். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்களில் எண்பது வயதானவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் கதவைப் பூட்டத்தான் வேண்டியிருந்தது. அப்போது நான் காரியதரிசி இல்லை. ஆனால் அந்த நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. அவற்றிலிருந்து பெயர்களை எடுத்து, ஆளுக்கு ஆறு பேர் என்று பிரித்துக் கொண்டு தினமும் நாலு மணிக்கு ஃபோன் பண்ணினோம். சில பெயர்களை அடித்தோம். அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டாம், உங்கள் ஊர்களிலும் அப்படித்தான்.

வருமானம் என்ன ஆயிற்று என்று பொருளாளர்கள் கேட்பீர்கள். வார நாட்களில் ஏழு மணிக்கு முன் வாடகைக்கு விடுவதில்லை என்று வைத்தோம். குறைந்தது வாஸ்தவம். வரவேற்பு எல்லாம் எப்படியும் ராத்திரிதான் என்பதால், பயந்த அளவுக்குக் குறையவில்லை. காபிப் பொடி, பால் செலவுக்கு வராண்டாவில் ஒரு உண்டியல். சில மாதம் மிஞ்சும், சில மாதம் அந்த மாமி கையிலிருந்து போடுவாள், கணக்குச் சொல்ல மாட்டாள்.

பெரிய கவலை வேறு. எங்கள் பேட்டையில் பழைய மூன்று மாடிக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். முடிகிற வரை, வயதானவர்கள் எங்கேயோ வாடகை வீட்டில். முல்லுண்டு, கார்கர் என்று போனவர்கள் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. நோட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது பெயர் இருந்த இடத்தில் இப்போது பதினொன்று, பன்னிரண்டு. கதவைத் திறக்கும் மாமிக்கு 78 வயது. சாவி மூன்று செட் இருக்கிறது. ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். மூன்றாவதை வாங்கிக் கொள்ள ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரைத் தேடிக் கொண்டே இருக்கிறோம். விழா என்றால் இளைஞர்கள் வருகிறார்கள், உழைக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கதவைத் திறக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஆபீஸ் இருக்கிறதே, அவர்களும் என்ன செய்வார்கள்?

மூன்றாம் தூண் மாமா செம்பூருக்குத் திரும்பி வரவே இல்லை. 2014 வரை புனேயில் பிள்ளையோடு இருந்தார். சனிக்கிழமை பாராயணம் முடிந்ததும் ஃபோன் பண்ணுவேன். "இன்னிக்கு யாரெல்லாம் வந்தா?" என்பார். நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். நடுவில் யாராவது விட்டுப் போனால் உடனே பிடித்து விடுவார். "அவர் ஏன் வரலை? கேட்டியா?"

உங்களில் யாராவது மும்பைக்கு வந்தால், செம்பூர் பக்கம் வாருங்கள். நாலு மணிக்கு மேல் வந்தால் காபி உண்டு. நோட்டில் பெயர் எழுதாமல் மட்டும் மாமி விட மாட்டாள்.