நம் வார்டு எண் என்ன?



மாநகராட்சித் தேர்தல் முடிவு சென்னையின் நாளைய அரசியலைப் பற்றி என்ன சொல்கிறது என்று பேசப் பணித்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரி 22-ஆம் தேதி வந்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். 200 வார்டுகளில் தி.மு.க. மட்டும் 153; அ.தி.மு.க. 15. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதை அன்றைக்கே டீக்கடையில் பேசித் தீர்த்துவிட்டோம். என் நெஞ்சில் தைத்தது வேறொரு எண். சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம். தமிழ்நாட்டின் நகர்ப்புறங்கள் முழுவதும் 60 சதவீதம் பேர் வாக்குச்சாவடிக்கு வந்த அன்று, தலைநகரத்தில் பாதிப் பேருக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

சோம்பல் என்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். பழக்கம் விட்டுப்போனது, ஐயா! 1973-இல் மஸ்டர் ரோல் எனும் கூலியாள் வருகைப் பதிவேட்டு ஊழலில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த மன்றம் வந்தது 1996-இல். இருபத்துமூன்று ஆண்டுகள்! மன்றம் கலைந்த ஆண்டில் பிறந்த பிள்ளை படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் முடிந்திருக்கும். தன் தெருவுக்கென்று ஒரு கவுன்சிலரைப் பார்த்திருக்காது. பிறகு 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 மார்ச் வரை மறுபடி வெற்றிடம். அந்த ஐந்தரை ஆண்டில் இந்த நகரம் எதையெல்லாம் தாங்கியது! வர்தா புயலில் மரங்கள் சாய்ந்தன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. கொரோனா வந்தது. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தது. கவுன்சிலர் மட்டும் வரவில்லை.

அந்த நவம்பர் இரவில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மாடிப்படியில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒண்டி நிற்கிறோம். ஒருவர் போனில் உதவி கேட்கிறார். மறுமுனையில் கேட்கிறார்கள்: "வார்டு நம்பர் சொல்லுங்க." அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கிறார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் குடியிருக்கும் எனக்கும் தெரியவில்லை. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

உள்ளாட்சித் தேர்தல் சின்ன விஷயம் என்று நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். 1957-இல் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்ற தி.மு.க.வுக்குக் கிடைத்தது 15 இடம். 1959-இல் அதே கட்சி சென்னை மாநகராட்சியில் 100-க்கு 45 இடம் பிடித்தது, அ.பொ.அரசு மேயரானார். மாநகராட்சி இருக்கும் ரிப்பன் மாளிகையிலிருந்து மாநில ஆட்சி நடக்கும் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். அந்த வழியை அவர்கள் நடந்து முடிக்க எட்டே ஆண்டுகள்: 1967-இல் ஆட்சி. குழாயடிச் சண்டை முதல் குப்பைத்தொட்டி வரை தெருத்தெருவாகக் கேட்டறிந்துதான் ஒரு கட்சி ஆளப் பழகுகிறது. 1996-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் மு.க.ஸ்டாலின், 2021-இல் முதலமைச்சர். இருபத்துமூன்று ஆண்டுகள் மன்றம் பூட்டிக் கிடந்தபோது, இப்படி வளர்ந்திருக்க வேண்டிய எத்தனை பேரை நாம் இழந்தோமோ!

2022 முடிவில் நான் மனதார மகிழ்ந்தது ஒன்று உண்டு. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி இது. அதன் மேயர் நாற்காலியில் 28 வயதில் பிரியா உட்கார்ந்தார். அந்த இடத்துக்கு வந்த முதல் தலித் பெண். மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவர்கள் இன்று தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். குடிநீர் 1978-லிருந்து தனி வாரியத்தின் பொறுப்பு, உண்மைதான். அதிகாரம் இன்னும் வேண்டும், கேட்போம். ஆனால் கேட்பதற்கு முதலில் மன்றம் இருக்க வேண்டும் அல்லவா?

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம். எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, ஒரு நாள் தள்ளிப்போகவும் நாம் விடக் கூடாது. ஓட்டோடு நம் வேலை முடிவதில்லை: வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-இல் விதிகள் வந்துவிட்டன. சபை கூடுகிற அன்று இந்த அரங்கில் இருக்கிற அத்தனை பேரும் அங்கே போய் உட்கார வேண்டும். மூடியில்லாத மழைநீர்க் கால்வாயை அங்கே சொல்லுங்கள். எரியாத தெருவிளக்கை அங்கே சொல்லுங்கள்.

வாசல் பக்கச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நம் பகுதியின் தெருக்கள் ஒவ்வொன்றும், அதன் எதிரே வார்டு எண்ணும் எழுதியிருக்கிறது. போகும்போது உங்கள் தெருவைப் பார்த்துவிட்டுப் போங்கள்.