பனிக்கடலில் இரை தேடும் பறவைகள்
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் பேசுகிறார் என்றால் சீனி வருத்தமும் பிரஷரும்தான் பேச்சாக இருக்கும் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் பேசிக்கொள்ளலாம். இன்று பறவைகளைப் பற்றிப் பேசுகிறோம். அதுவும் பனிக்கட்டி மிதக்கும் கடலில் சாப்பாடு தேடும் பறவைகளைப் பற்றி. சங்கத்தார் தலைப்பைக் கேட்டுச் சற்று யோசித்தார்கள். பிறகு பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்கள்.

வட்டகொடையில் நின்று கடலைப் பார்க்க முடியாது. கிரேட் வெஸ்டர்ன் மலைதான் எங்கள் கண்ணுக்கு எல்லை. எங்கள் காலத்தில் பலர் முதன்முதலாகக் கடலைக் கண்டதே பாடசாலைச் சுற்றுலாவில்தான். ஆனாலும் அந்தாட்டிக்காவில் குஞ்சு பொரிக்கும் ஒரு பறவை நம் நாட்டுக் கடலுக்கு ஆண்டுதோறும் வந்து போகிறது. வில்சன் ஸ்டோம் பெட்ரல் என்பது அதன் பெயர். தமிழில் புயல் பறவை என்று சொல்லிக்கொள்வோம். கறுப்பு உடம்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை, எடை 40 கிராம் அளவுதான். அந்தாட்டிக் கோடையில் பாறை இடுக்கில் ஒரே ஒரு முட்டையிடும். அங்கே குளிர் இறுகத் தொடங்கியதும் வடக்கே கிளம்பி, பூமத்திய ரேகையைத் தாண்டி, நமக்குத் தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களில் இந்து சமுத்திரத்தின் வடபகுதியில் இருக்கும். கரைக்கு வராது, ஆழ்கடல்தான் அதற்கு. ரெக்ஸ் ஐ. டி சில்வா போன்றவர்கள் பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்து எழுதிய குறிப்புகளால்தான் இலங்கைக் கடலின் பறவைகளை நாம் இன்று அறிகிறோம்.

இவ்வளவு சின்ன உயிர் அவ்வளவு பெரிய கடலில் சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அந்தச் சாப்பாடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பனிக்கட்டி என்றால் அங்கே ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கிறோம். கடல்நீர் உறைவது ஏறத்தாழ மைனஸ் 1.8 பாகையில். அப்படி உறைந்த பனித்தட்டைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும். அது அழுக்கல்ல, பனியை ஊடுருவி வரும் கொஞ்ச வெளிச்சத்தில் வளரும் பாசி. இறால் மாதிரியான கிரில் என்ற உயிர், விரல் நீளம்தான் இருக்கும், அந்தப் பாசியைச் சுரண்டித் தின்று பனிக்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் பனி உருகும்போது நீரில் வெளிச்சம் பாய்கிறது, நுண்பாசி பெருகுகிறது, அதைத் தேடிக் கிரில் திரள்கிறது. பனிக்கடலின் விளிம்புதான் பறவைகளின் சாப்பாட்டுக் கடை. ஆனால் அந்தக் கடை இன்று ஓரிடம், நாளை வேறிடம். இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு ஒன்றுமே இராது.

புயல் பறவை அதை மூக்கால் கண்டுபிடிக்கிறது. பறவைகளுக்கு மோப்பம் இல்லை என்று எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகம். அது தவறு. கிரில் நுண்பாசியை மேயும்போது டைமெத்தில் சல்பைட் என்ற வாயு வெளியாகிறது. நுவரெலியாக் கோவாவை நீண்ட நேரம் அவித்தால் அடுப்படியில் வருமே ஒரு வாடை, அதுதான். கப்ரியேல் நெவிட் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் கூட்டாளிகளும் அந்தாட்டிக் கடலில் இந்த வாடையேற்றிய தாவர எண்ணெயைப் பரப்பிப் பார்த்தார்கள். புயல் பறவைகள் அதைத் தேடி வந்தன. 1995இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வெளியானது.

மலையகத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. மிஸ்ட் மூடி எதிரே வருபவர் தெரியாத நாளிலும் காற்று திரும்பினால் போதும், ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிறார்களா, தூள் வறுபடுகிறதா என்று லயத்து வாசலில் இருந்தே சொல்வோம். அந்தப் பறவை காற்றுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து பறந்து வாடையைப் பிடிக்கிறது. பிடித்ததும் காற்றை எதிர்த்து மேலேறுகிறது. கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்கு வேலை. சிறகை விரித்து, கால்களால் நீரின் மேல் தத்தித் தத்தி, நடப்பது போலவே நின்று, அலகால் கொத்தி எடுக்கும்.

வைத்தியர்களான எங்களுக்கு இதில் இன்னொரு ஆச்சரியம் உண்டு. கடல்நீரை நாம் குடித்தால் சிறுநீரகத்தால் அந்த உப்பை வெளியேற்ற முடியாது, உடம்பு வற்றிவிடும். கடற்பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறது. மிதமிஞ்சிய உப்பை அது பிரித்தெடுத்து மூக்கு வழியாகச் சொட்ட விடுகிறது. டயலிசிஸ் வார்டில் வேலை செய்தவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

வடதுருவத்தில் வேறொரு வழி. நோர்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளில் பனியாறுகள் நேரே கடலில் இறங்குகின்றன. பனியாற்றுக்கு அடியில் ஓடும் உருகுநீர் கடலின் அடியில் வந்து வெளிப்படுகிறது. நன்னீர் பாரம் குறைந்தது, ஆகவே குபுகுபுவென்று மேலெழும். எழும்போது ஆழத்து நீரையும் அதிலுள்ள நுண்ணுயிர்களையும் இழுத்து வருகிறது. உப்புநீரில் வாழ்ந்த அவை திடீரென்று நன்னீரில் பட்டதும் மயங்கியோ செத்தோ மிதக்கின்றன. வெறுந் தண்ணீரை நாங்கள் ஏன் நரம்பில் ஏற்றுவதில்லை? இரத்தத்தின் செவ்வணுக்கள் ஊதி வெடித்துவிடும். அதே கதைதான். கிட்டிவேக் என்ற கடற்காகங்கள் பனிச்சுவரின் அடியில் அந்தக் கலங்கல் நீரின் மேல் கூட்டமாக மொய்த்துக் கொத்தும். பனியாறு உருகிப் பின்வாங்கித் தரையில் ஏறிவிட்டால் அந்த இடத்தில் இந்த விருந்து முடிந்தது.

பென்குயின் பறக்காது, ஆகவே அதற்குத் தூரம்தான் பிரச்சினை. எம்பரர் பென்குயின் 500 மீற்றருக்கும் மேல் ஆழம் போகும். எவ்வளவு ஆழம் போனாலும், மூச்செடுக்கத் திறந்த நீர் கிட்டே இருக்க வேண்டும். அந்தாட்டிக்காவின் அடேலி நிலத்தில் 2016–17 பருவத்தில் கடற்பனி வழக்கத்துக்கு மாறாக விரிந்து கிடந்தது. தாயும் தகப்பனும் இரைக்காக நெடுந்தூரம் போய்வர வேண்டியதாயிற்று. 18,000 சோடி அடேலி பென்குயின்கள் இருந்த கூட்டத்தில் இரண்டே இரண்டு குஞ்சுகள்தான் தப்பின. கடலில் கிரில் இல்லாமல் போகவில்லை. எட்டாத தூரத்தில் இருந்தது.

பறவையையும் மனிதரையும் ஒப்பிட்டுப் பேசுவது எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் இந்த இடத்தில் பேசாமல் போக மனம் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லை. தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். காரணங்கள் பல, சம்பளம் முதல் காரணம். ஆனால் தூரமும் ஒன்று. பால் குடிக்கும் பிள்ளை பிள்ளைக்காம்பராவில், தாய் உச்சி மலையில் கொழுந்தெடுக்கிறாள். இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு ஏறினால் அன்றைய கிலோ குறையும். சிறு பிள்ளைக்காரிகளுக்குப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையைக் கொடுங்கள் என்று கேட்பதற்குப் பெரிய செலவில்லை. இந்த மண்டபத்தில் அதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கக்கூடிய அக்காமார் சிலர் இருக்கிறீர்கள்.

மீண்டும் புயல் பறவைக்கு வருவோம். பிளாஸ்டிக் கடலில் சில வாரம் மிதந்தால் அதன்மேல் பாசி படிகிறது, அதிலிருந்தும் அந்தக் கோவா வாடை எழுகிறது. 2016இல் நெவிட்டும் மத்தியூ சவோகா முதலானோரும் இதைக் கண்டறிந்தார்கள். அந்த வாடையை நம்பித் தேடும் பறவைகளே பிளாஸ்டிக்கை அதிகம் விழுங்குகின்றன. 2021 மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. புயல் பறவைகள் நம் பக்கத்துக் கடலுக்கு வரும் காலம் அது.

கப்பல் எங்கேயோ எரிந்தது, நமக்கென்ன என்று சொல்ல முடியவில்லை. வட்டகொடை ஓடைகளின் நீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகித் திருகோணமலையில் கடலில் விழுகிறது. வழியில் அணைகள் பல, எல்லாக் குப்பையும் போய்ச் சேராது. ஆனால் பெருமழை நாளில் லயத்துக் கானில் மிதந்து போகும் யோகட் கோப்பைகளையும் லஞ்ச் சீட்டுகளையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இன்று பகல் சாப்பாட்டை லஞ்ச் சீட்டில் கட்டாமல் தட்டில் பரிமாற ஏற்பாடாகியிருக்கிறது. முந்நூறு பேருக்கான தட்டுகளைக் கழுவ எங்கள் வகுப்பினர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆட்கள் போதாது, கைகொடுக்க விரும்பும் தங்கைமார் சாப்பிட்டு முடிந்ததும் பின்பக்கக் குழாயடிக்கு வரவும்.