மலைக்காட்டைத் தொட்ட தீ

பகாவ் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு ஆண்டுத் தொடக்கத்து வறட்சி புதிதல்ல. மரம் இலையுதிர்க்கும், சருகு காலடியில் நொறுங்கும். தவறி விழும் தீக்குச்சி ஒன்று போதும், நிரை முழுக்கப் புகை. ஆனாலும் பால்மரம் மறுபடி துளிர்த்துவிடும். இலையுதிர்ப்பு அதற்குப் பழக்கம்.

மலைக்காட்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1997-98 எல் நினோ வறட்சியில், 4,095 மீட்டர் உயரக் கினபாலு மலையிலேயே தீப்பிடித்தது. மேகம் தவழும் மலையில் நெருப்பா என்று வியக்கலாம். உயரக் காட்டு மரங்கள் மழையோடு மூடுபனியையும் நம்பி வாழ்பவை. அது மாதக்கணக்கில் பொய்த்தால் பாசி காய்கிறது, வேரைப் போர்த்திய மக்கு மண்ணும் காய்கிறது. பிறகு தீ மண்ணுக்குள் இறங்கிக் கனன்று வேரைக் கருக்குகிறது. மேலே பச்சையாக நிற்கும் மரம் சில மாதம் கழித்துச் சாயும்.

முதல் தீயைவிட இரண்டாவது தீதான் பொல்லாதது. பட்ட மரங்கள் விறகாகிக் கிடக்க, திறந்த கூரை வழியே வெயில் தரையைச் சுடுகிறது. திரும்பத் திரும்ப எரிந்த இடத்தில் மரக்கன்று தலையெடுக்காது. லாலாங் புல் ஏறிவிடும். அதன் வேர்த்தண்டு மண்ணுக்கடியில் தப்பிவிடுகிறதே! லாலாங்கோடு மல்லுக்கட்டிய தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஜெம்போல் மாவட்டம் வழியே ஓடும் மூவார் ஆறும் நெகிரி செம்பிலான் மலைக்காட்டில்தான் பிறக்கிறது.