உடலுக்கேற்ற சைக்கிள்

(இடையஞ்சாவடி கிராம சபைக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



செருப்பு வாங்கும்பொழுது காலை நுழைத்துப் பார்த்தே வாங்குகிறோம். சைக்கிள் வாங்கும்பொழுதோ நிறத்தையும் மணியோசையையும் கண்டு திருப்தியடைகிறோம். "வளரும் பிள்ளைதானே, பெரிதாகவே இருக்கட்டும்" என்றும் சொல்லுகிறோம். இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் அவசியம்.

சென்ற ஆண்டு நாம் சுற்றுப்பயணம் செய்தபொழுது, ஒரு மாணவி புதுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கு நடந்து செல்லக் கண்டோம். காரணம் வினவினோம். ஏறி அமர்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை, லாரி வந்தால் அச்சமாயிருக்கிறது என்றாள். அருகிலிருந்த கடையில் ஸ்பானர் கேட்டு வாங்கி, சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினோம். அவள் ஏறிச் சென்றுவிட்டாள். சில நிமிட வேலை நடவாமையால் அவள் பல மாதம் நடந்திருக்கிறாள்!

முதலில் சட்டத்தைப் பாருங்கள். பாரின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், உடலுக்கும் பாருக்கும் இடையே ஓரிரண்டு அங்குலம் இடைவெளி வேண்டும். 24 அங்குலச் சட்டம் நெடியவர்களுக்கே ஏற்றது. நடுத்தர உயரத்தினர்க்கு 22 அங்குலம் போதும்.

அடுத்தது சீட். பெடல் அடியில் இருக்கும்பொழுது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பின் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கும். அதுவே சரியான உயரம். தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். உயர்ந்திருந்தால் இடுப்பு அசையும். புதிதாகப் பழகுவோர்க்கு மட்டும் கால் தரையில் ஊன்றுமாறு தாழ்த்தி, தைரியம் வந்தபின் சிறிது சிறிதாக உயர்த்துக.

ஹேண்டில் பாரைப் பிடிக்கும்பொழுது முழங்கை சற்று மடங்கியிருத்தல் வேண்டும். கை விறைத்து நீண்டால் கழுத்தும் தோளும் வலிக்கும்.

கடற்கரையை அடுத்த இப்பகுதியில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். சீட் குழாய் துருவேறி இறுகிவிட்டால், பிள்ளை வளர்ந்தாலும் சீட்டை உயர்த்த இயலாது. ஆகையால் அதனைக் கழற்றிக் கிரீஸ் தடவி வையுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினர். அவர்களுள் சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினர். முன்பாரில் குழந்தையை அமர்த்தலாம் என்பது ஒரு காரணம். தம் தேவையைத் தாமே அறிந்து தேர்ந்தனர்.

நமது அரசு பள்ளி மாணவர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது. வழங்கும் நாளன்று, ஸ்பானருடன் ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவரைப் பள்ளியில் இருக்கச் செய்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டை அளந்து வைக்க உறுப்பினர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். செலவு சிறிது; பயனோ ஒரு பெண்ணின் படிப்பு.