மூடிய கடையின் கணக்கு



தலைமையுரைக்கு ஒதுக்கியது முப்பது நிமிடம். நன்றி சொல்வதிலேயே பத்து நிமிடம் போய்விடக் கூடாது என்று அமைப்பாளர்கள் முன்பே காதில் போட்டிருக்கிறார்கள். ஆகவே நன்றி சுருக்கமாக. இந்த நாற்காலியில் இதற்கு முன் உட்கார்ந்தவர்கள் பெரியவர்கள். இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு அது நன்றாகவே தெரிகிறது. அதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டார்.

மாநாட்டின் பொருள், அமெரிக்க மாநிலங்களின் உடல்நலக் காப்பீட்டுச் சந்தைகள். அடிப்படை இந்த அவைக்குத் தெரியும். 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம். 2013 அக்டோபர் 1 அன்று திறந்த சந்தைகள். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று உலோகப் பெயரில் திட்டங்கள். வருமானத்துக்கேற்ற பிரீமிய மானியம். முதல் நாளில் மத்திய அரசின் இணையதளத்தில் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர். ஓரிகன் மாநிலம் சொந்தத் தளத்தைக் கட்ட முயன்று, முடியாமல், மத்திய அரசின் தளத்தில் போய்ச் சேர்ந்தது. கென்டக்கி ‘கைநெக்ட்’ என்ற சந்தையை நன்றாகவே நடத்தியது. ஆளுநர் மாறியதும் மூடியது, இன்னொரு ஆளுநர் வந்ததும் மறுபடி திறந்தது. பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, ஜார்ஜியா பிற்பாடு சொந்தச் சந்தைக்கு மாறின. இவற்றையெல்லாம் அமர்வுகள் விரிவாகப் பேசும். தலைமையுரை இத்தோடு முடிந்தால் பலருக்கு நிம்மதி. முடியப் போவதில்லை.

வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களில் பெரும்பாலானவை ஒரே காட்சியில் தொடங்குகின்றன. 2006 ஏப்ரல் 12, பாஸ்டன் நகரின் ஃபேனியல் மண்டபம். குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி மாசசூசெட்ஸ் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியும் மேடையில் இருக்கிறார். அங்கே பிறந்த ‘கனெக்டர்’ என்ற காப்பீட்டுச் சந்தைதான் இன்றைய சந்தைகளின் தாய் என்பது துறையின் பிறப்புக் கதை. அழகான கதை, நல்ல புகைப்படம் வேறு இருக்கிறது. பேசுகிறவருக்கு அதில் ஒரே ஒரு ஆட்சேபம்: குழந்தை அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே பிறந்துவிட்டது. பாஸ்டனில் தொட்டில் கட்டிய அதே 2006இல், நாட்டின் மறு கரையில் அது செத்தும் போனது.

கலிஃபோர்னியாவில் 1992இல் சிறு தொழில்களுக்கான காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பீட் வில்சன் ஆளுநர். அந்தச் சட்டத்தின்படி 1993 ஜூலையில் ‘கலிஃபோர்னியா உடல்நலக் காப்பீட்டுத் திட்டம்’ என்ற கூட்டுக் கொள்முதல் கடையைத் திறந்ததும் நடத்தியதும் மாநில அரசின் வாரியமே. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அச்சகமோ பூக்கடையோ அதில் சேரலாம். எந்தக் கம்பெனியின் பாலிசி வேண்டும் என்பதை முதலாளி அல்ல, ஒவ்வொரு தொழிலாளியும் தேர்ந்தெடுக்கலாம். கம்பெனிகள் ஒரே மாதிரிச் சலுகைகளை விற்க வேண்டும். விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்றைய சந்தையில் இருப்பதாக நாம் பெருமைப்படும் பாதி விஷயம் அந்தப் பட்டியலிலேயே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஏஜென்ட் கமிஷன் பிரீமியத்துக்குள் கரைந்துபோகாமல் தனி வரியாகத் தெரிந்தது. ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக வாங்கினால் அந்த வரியே கிடையாது. ஏஜென்ட்களுக்கு இது பிடிக்குமா? தங்களுக்குத் தெரிந்த ஆரோக்கியமான வாடிக்கையாளரை அந்தக் கடைக்குக் கூட்டி வர அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. சந்தை வரலாறு எழுதியவர்களில் எத்தனை பேர் இந்த ஒற்றை வரியைப் பொருட்படுத்தினார்கள்?

கடையைக் கொன்றது எது என்பதில்தான் சண்டை. கடைக்குள் ஒரு நிறுவனத்தின் ஆட்களுடைய நோயைப் பார்த்து விலை வைக்க முடியாது. கடைக்கு வெளியே, ஒரு வரம்புக்குள், வைக்கலாம். இரண்டு அச்சகங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் எல்லோரும் இளைஞர்கள். மற்றதில் ஒருவருக்கு டயாலிசிஸ். முதல் அச்சகத்துக்கு வெளியே கொஞ்சம் மலிவு. இரண்டாவதற்கு உள்ளே மலிவு. வருடா வருடம் முதலாமவர் வெளியே போக, இரண்டாமவர் உள்ளே வர, உள்ளே விலை ஏறும். ஏறிய விலையைப் பார்த்து இன்னும் சிலர் வெளியேறுவார்கள். 1999இல் கடை பசிபிக் பிசினஸ் குரூப் ஆன் ஹெல்த் என்ற முதலாளிகள் கூட்டமைப்பின் கைக்கு மாறி ‘பேக் அட்வான்டேஜ்’ ஆனது. பெயர் மாறியதே தவிரக் கணக்கு மாறவில்லை. கம்பெனிகள் விலகின, 2006 முடியும்போது கடை மூடியது.

சில வருடங்களுக்கு முன் இதையெல்லாம் எழுதி அனுப்பிய கட்டுரையை, இது அடிக்குறிப்புக்கான விஷயம் என்று ஒரு மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பினார். அவர் இந்த அவையில் இருக்கக்கூடும். அவர் நலமாக இருக்கட்டும். அடிக்குறிப்பு மட்டும் இன்று முப்பது நிமிடமாக நீண்டுவிட்டது.

பொருளாதார அறிஞர் அலைன் என்தோவனிடமிருந்து தொடங்க வேண்டும் என்பவர்கள் உண்டு. காப்பீட்டுத் திட்டங்களிடையே போட்டி வேண்டும் என்று 1978இல் அவர் எழுதிய கட்டுரைகள் இல்லாமல் இந்தத் துறையே இல்லை என்பது சரி. ஆனால் வரைபடம் வீடாகாது. அவர் சொன்ன போட்டியை மாநில அரசு கடையாகத் திறந்து பார்த்தது கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில். எல்லாத் தோல்விக்கும் மென்பொருளே காரணம் என்பவர்களும் உண்டு. பேக் அட்வான்டேஜைக் கொன்றது எந்த மென்பொருளும் இல்லை.

மாசசூசெட்ஸ் நண்பர்களுக்கு மட்டும் உரியதைக் கொடுத்தாக வேண்டும். 1993 கடையில் மானியம் இல்லை, எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த இரண்டு தூண்களும் பாஸ்டனில் எழுந்தவை. அதை மறுப்பவர் யாரும் இந்த மேடையில் இல்லை.

ஆனால் 2010 சட்டத்தில் மூன்றாவது தூண் ஒன்று உண்டு: ஒரு கம்பெனி சந்தைக்குள் விற்றாலும் வெளியே விற்றாலும் அதன் தனிநபர் வாடிக்கையாளர்கள் அனைவரும் ஒரே தொகுப்பு, ஒரே திட்டத்துக்கு இரு இடத்திலும் ஒரே விலை. இந்த ஒரு விதி மட்டும் இருந்திருந்தால் அந்த இரண்டு அச்சகங்களும் ஒரே கூரைக்கடியில் இருந்திருக்கும். பாடம் எங்கிருந்து வந்தது என்று தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. புதிய சட்டத்தின் கீழ் சந்தை அமைக்கும் மாநிலச் சட்டத்தில் முதலில் கையெழுத்திட்டவர் கலிஃபோர்னியாவின் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர், 2010 செப்டம்பரில். அந்தச் சந்தையான ‘கவர்ட் கலிஃபோர்னியா’வைப் பத்து ஆண்டுக்கு மேல் நடத்தியவர் பீட்டர் லீ. பேக் அட்வான்டேஜ் மூடியபோது அதன் தாய் அமைப்பின் தலைவர் அவரே. வந்த கம்பெனியை எல்லாம் உள்ளே விடாமல் பேரம் பேசித் தேர்ந்தெடுத்ததும், எல்லோரையும் ஒரே மாதிரிச் சலுகை விற்க வைத்ததும் அவர் காலத்தில்தான். நோயாளியைத் தள்ளிவிட்டு மலிவாக விற்கும் குறுகிய காலப் பாலிசிகளைக் கலிஃபோர்னியா 2018இல் தடை செய்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். சூடு கண்ட பூனையின் வேலை இதெல்லாம்.

இது பழைய சண்டைதானே என்று யாரேனும் நினைத்தால், இந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கட்டும். காப்பீடு எடுக்காதவருக்கான மத்திய அரசின் அபராதம் 2019 முதல் பூஜ்யம். 2021இல் கூட்டிக் கொடுத்த மானியம் 2025 முடிவோடு போய்விட்டது. 2026இல் தனி ஆள் ஒருவரின் ஆண்டு வருமானம் 62,600 டாலரைத் தாண்டினால் மத்திய அரசின் மானியம் முழுதாகவே நின்றுவிடும். அவருக்கு அறுபது வயது என்றால், இளைஞரைப் போல மூன்று மடங்கு வரை பிரீமியம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. மிகவும் தேவைப்படுகிறவர் எப்படியோ கட்டுவார். உடம்பு நன்றாக இருப்பவர் யோசிப்பார். ஏட்னா கம்பெனி 2026க்குத் தனிநபர் சந்தைகளை விட்டே விலகிவிட்டது.

பாஸ்டன் கட்டிய தூண்களில் ஒன்று விழுந்துவிட்டது, மற்றொன்று தேய்ந்திருக்கிறது. ஆகவே 2006ஐ வழிகாட்டியாக வைத்து இந்தச் சந்தைகளின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது. மானியமும் கட்டாயமும் இல்லாத சந்தை எப்படி மெலியும் என்பதற்கு நம்மிடம் பதின்மூன்று வருடச் சாட்சி இருக்கிறது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். 1993 முதல் 2006 வரை அந்தக் கடை அச்சிட்ட விலைப் பட்டியல்களையும் வாரியக் கூட்டக் குறிப்புகளையும் ஒரே இடத்தில் சேர்க்க இந்த மாநாடு ஒரு சிறு குழுவை அமைக்க வேண்டும். அங்கே முதல் நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஓய்வுபெறும் வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் பேச இன்னும் சில வருடங்களே உண்டு. குழுவில் சேர விரும்புகிறவர்கள் மதிய உணவின்போது பெயர் கொடுக்கலாம். மாசசூசெட்ஸ் நண்பர்கள் முதலில் கொடுத்தால் பேசுகிறவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.