சம்பந்தி வீட்டு மொழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பேரன் பேத்தி எடுத்த வயதில் கணவனும் மனைவியுமாக அமர்ந்து போலிஷ் மொழியின் அரிச்சுவடியைப் படிப்பானேன் என்று இக்குடியிருப்பில் எங்களைக் கேளாதவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட இங்கேயே கூறிவிடுங்கள் என்று செயலாளர் பணித்தார். அதனால் நிற்கிறோம்.

எங்கள் மகள் போலந்து நாட்டில் கிராக்கோவ் நகரில் வாழ்கிறாள். மருமகன் அந்நாட்டவர். அவரோடு ஆங்கிலத்தில் பேசிவிடலாம். அவருடைய பெற்றோருக்கோ ஆங்கிலம் தெரியாது. திருமணத்தின்போது கை கூப்பியும் புன்னகை புரிந்துமே மூன்று நாட்கள் உறவு கொண்டாடினோம். அதுவே போதும் என்றும் எண்ணியிருந்தோம்.

ஈராண்டு கழித்துச் சம்பந்தி காலமானார். தொலைபேசியில் சம்பந்தியம்மாளின் அழுகுரல் கேட்டது. ஒரு சொல் கூற இயலாமல் நின்றோம். மகள்தான் எங்கள் ஆறுதலை மொழிபெயர்த்தாள், அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள். நம் ஊரில் துக்கம் விசாரிக்கச் செல்பவர் வாய் திறவாமல் கையைப் பற்றிக்கொண்டாலே போதும். தொலைபேசியில் பற்றிக்கொள்ளக் கை ஏது? அடுத்த மாதமே மருமகனிடம் சொல்லிப் பாலபாடம் ஒன்றை வரவழைத்தோம்.

எழுத்து ரோமன் எழுத்துத்தான் என்று கண்டு மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி ஒரு நாழிகை நிலைத்தது. எழுத்துகள் 32. அவற்றுள் சிலவற்றுக்குக் கோடும் வாலும் புள்ளியும் உண்டு. நாம் 'லோட்ஸ்' என்று படிக்கும் நகரத்தை அவர்கள் 'வூச்' என்கிறார்கள்!

இலக்கணத்தில் வேற்றுமை ஏழு என்று கண்டதும் எங்களுக்குத் துணிவு வந்தது. எட்டு வேற்றுமை படித்தவர்கள் ஏழுக்கு அஞ்சுவதா? விளி வேற்றுமைகூட நம்முடையது போலவே இருக்கிறது. நாம் அன்னையை 'அன்னாய்' என்று விளிப்பதுபோல, அங்கே பாட்டியாகிய 'பாப்ச்சா' அழைக்கும்போது 'பாப்ச்சு' ஆகிறாள். பேத்தி எங்களை அழைத்தே இதைக் கற்பித்தாள்.

பால் பாகுபாட்டில்தான் இடறினோம். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சன்னல் இரண்டுமில்லாத பொதுப்பால். இறந்தகாலத்தில் 'இருந்தேன்' என்பதை ஆடவர் ஒரு விதமாகவும் பெண்டிர் வேறு விதமாகவும் கூறவேண்டும். இந்நகருக்கு வந்த புதிதில் 'கயா', 'கயீ' என்று கடைத்தெருவில் நாம் பட்டபாடு உங்களுக்கு நினைவிருக்கும். அதே பாடு மீண்டும் வந்தது. இதினும் பெரிது ஒன்று உண்டு. பலரைக் குறிக்கும்போது, ஆடவர் இருக்கும் கூட்டத்துக்கு ஒரு சொல். பெண்டிர், விலங்கு, நாற்காலி அனைத்துக்கும் சேர்த்து மற்றொரு சொல். அப்பாடம் வந்த அன்று எங்களுள் ஒருவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுக்களைக்குச் சென்றுவிட்டார். யார் என்று கூறவேண்டியதில்லை.

இத்தனை கரடுமுரடான மொழியை அவர்கள் எத்துணை அருமையாகப் பேணினார்கள் என்பதையும் அறிந்தோம். 1795 முதல் 1918 வரை போலந்து என்னும் நாடே உலகப்படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கிட்டுக்கொண்டன. 1901இல் பிரஷ்ய ஆட்சியிலிருந்த வ்ஜெஷ்னியா என்ற சிற்றூரில், சமய பாடத்தை ஜெர்மன் மொழியில் ஒப்பிக்கமாட்டோம் என்று பள்ளிப்பிள்ளைகள் மறுத்துப் பிரம்படி பட்டார்கள். எதிர்த்துக் கேட்ட பெற்றோர் சிலர் சிறை சென்றார்கள். இதைப் படித்த அன்று, 'தமிழ் வகுப்புக்கு நேரமில்லை' என்று நம் பிள்ளைகள் கூறுவது நினைவுக்கு வந்தது. அதை இங்கே விரிக்கவில்லை, விழா நாள்.

சென்ற ஆண்டு அக்டோபர் இறுதியில் கிராக்கோவ் சென்றோம். கடைவீதியெங்கும் சாமந்தி குவிந்து கிடந்தது. வெறுங்கையோடு செல்வதா என்று ஒரு பெரிய கொத்து வாங்கிக்கொண்டு சம்பந்தியம்மாள் வீட்டுப் படியேறினோம். மகள் பதறித் தடுத்தாள். அங்கே சாமந்தி கல்லறைக்குரிய மலராம். வீட்டுக்குக் கொண்டுபோவது அமங்கலமாம். நமக்குப் பூசைக்குரிய பூ! கொத்தை வண்டியிலேயே மறைத்துவைத்தோம்.

நவம்பர் முதல் நாள் அவர்களுக்கு நீத்தாரை நினைக்கும் நாள். நாடு முழுவதும் குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளுக்குச் சென்று விளக்கேற்றுகிறது. இருட்டியபின் கல்லறைத் தோட்டம் கார்த்திகைத் தீபம் போல் தோன்றியது. எங்கள் சாமந்திக் கொத்து சம்பந்தியின் கல்லறைமேல் வைக்கப்பட்டது. அங்கே, இரண்டாண்டுகள் மனனம் செய்த அந்தச் சொற்றொடரைச் சம்பந்தியம்மாளிடம் கூறினோம்: 'பார்ட்சோ நாம் ப்ஷிக்ரோ'.

'எங்களுக்கு மிகவும் வருத்தம்' என்பது பொருள். அதிலே வினைச்சொல் இல்லை. நம் தமிழிலும் இல்லை. 'நாம்' என்று அங்கே ஒலிப்பது 'எங்களுக்கு' என்னும் நான்காம் வேற்றுமைச் சொல். தமிழோடு அதற்கு உறவில்லை, தற்செயலான ஒலியொற்றுமைதான் என்று அறிவோம். ஆயினும் வாய் அதைத் தடுமாறாமல் சொல்லிற்று.

அந்த அம்மையார் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டார். வீடு திரும்பியதும் தேநீர் வைத்துக்கொடுத்துக் கணவரைப் பற்றி நெடுநேரம் பேசினார். காற்பங்குகூட எங்களுக்கு விளங்கவில்லை. மகள் அடுத்த அறையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை.