காரும் எண்ணெய்க் கணக்கும்



தோட்டப்புறத்துக் குடும்பங்களில் இப்பொழுது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன். "மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்துக்கொண்டு போனது போதும், ஒரு கார் வாங்கலாம். இப்போது எல்லாரும் வாங்குகிறார்களே, அந்த உயரமான கார், எஸ்.யு.வி., அதையே வாங்கலாமா? அது எண்ணெய் அதிகம் குடிக்குமா?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்கின்றனர். பள்ளி ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விதானா என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் இது முழுக்க முழுக்கக் கணக்குப் பாடம்தான். ஐந்தாம் ஆண்டு மாணவன் அறிந்த பெருக்கலும் வகுத்தலும் இதற்குப் போதும்.

முதலில் இந்தக் கார் எத்தகையது என்று பார்ப்போம். தோற்றத்தில் ஜீப்பைப் போல நிமிர்ந்து நிற்கிறது. உள்ளேயிருக்கும் உடம்போ சாதாரணக் காரின் உடம்புதான். நம் நாட்டில் விற்பனையாகும் சிறிய எஸ்.யு.வி. கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்கள் இரண்டை மட்டுமே இயந்திரம் சுழற்றுகிறது. ஆகவே, பழைய காலத்துத் தோட்டத் துரையின் லேண்ட்ரோவர் ஏறிய சேற்று மேட்டில் இதுவும் ஏறிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். ஆனால் தரைக்கும் காரின் அடிப்பாகத்திற்கும் உள்ள இடைவெளி இதில் அதிகம். பெரோடுவா அத்திவாவில் அது 200 மில்லிமீட்டர். செம்மண் சாலையிலே லாரிச் சக்கரம் தோண்டிய பள்ளங்களில் அடிவயிறு இடிபடாமல் போக இது உதவும். இருக்கை உயரமாக இருப்பதால், முழங்கால் வலியுள்ள பாட்டி குனிந்து வளையாமல் ஏறி உட்காரலாம். இவ்விரண்டும் மெய்யான நன்மைகள். மற்றவை பெரும்பாலும் அழகுக்கு.

இனி எண்ணெய்ச் செலவு. ஒரே கார் எல்லாச் சாலைகளிலும் ஒரே அளவு எண்ணெய் குடிப்பதில்லை. ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பினாங்குப் பெருநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் துணிமணி வாங்க ஜார்ஜ்டவுனுக்குப் புறப்படுகிறது. போய்ச் சேர வேண்டிய இடம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை.

தோட்டத்து மண்சாலையில் கார் மெதுவாகக் குலுங்கிக்கொண்டு போகிறது. அதுவரை செலவு சற்று அதிகம். ஆனால் தூரம் குறைவு. பிறகு நெடுஞ்சாலை. இங்கேதான் உயரமான காரின் குறை தெரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் அளவில் ஏறுவதில்லை. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவில் ஏறுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் காரை 110-க்கு விரட்டினால் எதிர்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடும் இவ்வகைக் கார், தாழ்ந்த காரைவிட அதிகக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. கூரைமேல் சாமான் சட்டத்தையும் மாட்டிக்கொண்டு வேகமாகப் போகிறவர், தம் கையாலேயே எண்ணெயைச் சாலையில் கொட்டுகிறார் என்றுதான் சொல்லுவேன். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் வேகவரம்பு 80 கிலோமீட்டர். பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தை ஒரே சீராகக் கடக்கும்போது கார் மிகச் சிக்கனமாக ஓடும். (முன்பெல்லாம் காரையே பெர்ரியில் ஏற்றிப் பட்டர்வொர்த்திலிருந்து கடந்தோம். 2021 தொடங்கியபோது அந்த வசதி நின்றுவிட்டது.)

அதற்குப் பின் நகரம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர். 1801-இல் தோன்றிய பள்ளிவாசல், சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் இன் கோயில், குயின் வீதியை நோக்கி நிற்கும் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயில், அந்தப் பக்கத்தில் 1818-இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், நாணய மாற்றுக் கடைகள், அஞ்சடி நடைபாதைகள் என்று வரிசையாக இருக்கும் வட்டாரம் அது. மாட்டு வண்டி ஓடிய நாளில் அமைந்த வீதிகள். 2008-இல் உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தார்கள். வீதிகளை இடித்து அகலப்படுத்த வழியில்லை, அப்படிச் செய்யவும் கூடாது. ஆகவே தீபாவளிக் கூட்டத்தில் கார் நகர்வதும் நிற்பதுமாக இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, கார் நின்றுகொண்டிருந்தால், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? சுழியம். பாலத்தில் மிச்சப்படுத்தியதை இங்கே இழந்துவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் ஹைபிரிட் என்னும் இருவகை ஆற்றல் கார் தன் திறமையைக் காட்டுகிறது. சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால் ஓட்டத்தின் ஆற்றல் வெறும் சூடாகிப் போய்விடும். ஹைபிரிட் காரில் அந்த ஆற்றலில் ஒரு பங்கு மின்சாரமாக மாறி மின்கலத்தில் சேர்கிறது. அடுத்த முறை நகர்வதற்கு அது உதவுகிறது. அத்திவா போன்ற சிறிய கார்களில், கார் நின்றதும் இயந்திரம் தானாக அணையும் வசதி மட்டும் உண்டு. அதுவும் ஓரளவு நன்மையே.

இனிக் கம்பெனிகள் சொல்லும் கணக்கு. ஒருவர் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பார். மற்றொருவர் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்பார். மயங்க வேண்டாம். 100-ஐ அந்த லிட்டர் கணக்கால் வகுத்தால் லிட்டருக்கான கிலோமீட்டர் வந்துவிடும். 2021 மார்ச்சில் வெளிவந்த ஒரு லிட்டர் டர்போ இயந்திர அத்திவா லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர் போகும் என்றார்கள். 2020 அக்டோபரில் வந்த புரோட்டோன் எக்ஸ்50, 100 கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 லிட்டர், அதாவது லிட்டருக்கு 15.4. 2022-இல் வந்த டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட் 4.3 லிட்டர்; அதாவது 23 கிலோமீட்டருக்கு மேல். இவை சோதனைக் கூடத்து எண்கள். நம் சாலையில், ஐந்து பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, குளிர்சாதனமும் ஓட, இவ்வளவு வராது. ஆயினும் ஒன்றோடொன்றை ஒப்பிடுவதற்கு அவை பயன்படும்.

ஒப்பிடுவோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவதாக வைத்துக்கொண்டால் ஹைபிரிட்டுக்கு 43 லிட்டர், அத்திவாவுக்கு 53 லிட்டர். வித்தியாசம் 10 லிட்டர். 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் எல்லாக் குடிமக்களுக்கும் தொடங்கிய புடி 95 திட்டத்தின் விலையான 1 வெள்ளி 99 காசால் பெருக்குங்கள்: மாதம் 20 வெள்ளி. சலுகை இல்லாதவருக்கு அப்போதிருந்த 2 வெள்ளி 60 காசு என்றாலும் 26 வெள்ளிதான். கார் விலையிலோ? வெளிவந்தபோது அத்திவா 61,500 முதல் 72,000 வெள்ளி வரை. எக்ஸ்50 79,200 முதல் 103,300 வரை. அந்த ஹைபிரிட் 130,000-க்கும் மேல். மாதம் 20 வெள்ளி மிச்சப்படுத்த ஐம்பதாயிரம் வெள்ளிக்கு மேல் கூடுதலாகக் கொடுப்பதா? எண்ணெய்ச் சிக்கனம் என்னும் சொல்லைக் காட்டி நம் கண்ணைக் கட்டுவது இப்படித்தான்.

நம் குடும்பங்களைக் கவிழ்ப்பது மாதத் தவணை. 60,000 வெள்ளிக் கடன், ஒன்பது ஆண்டு, நிலையான வட்டி 3 விழுக்காடு என்று ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பாருங்கள். வட்டி மட்டும் 16,200. மொத்தம் 76,200. 108 மாதங்களால் வகுத்தால் மாதம் 705 வெள்ளி. அத்திவாவின் 53 லிட்டர் எண்ணெய்க்கு ஆகும் செலவோ 105 வெள்ளிதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. ஒருவர் சம்பளத்தை நம்பும் வீட்டில் அந்தத் தவணை ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலாகும். அதன்மேல் காப்புறுதி, டயர், பராமரிப்பு. 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்குத் தீபகற்பத்தில் ஆண்டுச் சாலை வரி 20 வெள்ளிதான் என்பது அத்திவா போன்ற கார்களுக்கு ஒரு சலுகை. வாங்கப் போகும் நாளில் வட்டியை எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். கடைசி மாதம் வரை கட்ட வேண்டிய மொத்தத் தொகையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் விற்பனையாளரிடம் கையெழுத்துப் போட வேண்டாம்.

இருவர் சம்பாதிக்கும் வீடு, மண்சாலைப் பயணம் தினமும் உண்டு, ஐந்து பேருக்கு மேல் இல்லை என்றால், ஒரு லிட்டர் டர்போ சிறிய எஸ்.யு.வி. பொருத்தமானது என்பது என் கருத்து. தார்ச்சாலை வாசல் வரை வந்துவிட்ட தோட்டமானால், மைவி போன்ற தாழ்ந்த காரே போதும். விலையும் குறைவு, எண்ணெயும் குறைவு. தாத்தா பாட்டியோடு ஏழு பேர் என்றால் சிறிய எஸ்.யு.வி. உதவாது. பின்னிருக்கையிலும் வார் கட்ட வேண்டும் என்ற சட்டம் 2009-இலிருந்து இருக்கிறது. ஐந்து வாருக்கு ஏழு பேர் எப்படி? அத்தகைய குடும்பம் அல்சா போன்ற ஏழு இருக்கைக் காரைப் பார்க்கட்டும்.

பழைய கார் வாங்குவோருக்கும் ஒரு வழி சொல்கிறேன். சொந்தக்காரர் சம்மதித்தால் எண்ணெய்த் தொட்டியை நிரப்பி, குழாய் தானாக நின்றதும் பயண மீட்டரைச் சுழியத்தில் வையுங்கள். மண்சாலை, நெடுஞ்சாலை, நெரிசலான நகரம் மூன்றும் கலந்து நூறு கிலோமீட்டராவது ஓட்டுங்கள். அதே நிலையத்தில், அதே குழாயில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்துவிடுங்கள். கிளம்புமுன் நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; காற்றுக் குறைந்த டயர் நல்ல காரையும் பெருந்தீனிக்காரனாகக் காட்டிவிடும். கணக்குப் போடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். விடை வந்ததும் காரின் சொந்தக்காரர் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.